எதிரில் வந்த வண்டி

குரு செல்லநாச்சியார் ஆண்டுதோறும் மழை முடிந்ததும் மலை முகட்டில் பல நாட்கள் நடப்பார். நடை தொடங்கும் இடம் ஊற்றுமேடு. அடிவாரத்திலிருந்து அங்கே போக ஒரு மண்பாதைதான் உண்டு. ஜீப் மட்டும்தான் ஏறும்.

சீடர் வைரவநாதன் பஞ்சாலை நடத்துகிறவர். குருவைவிட வயதில் மூத்தவர். நானும் நடக்க வருகிறேன் என்று பல வருடம் கேட்டு, இந்த வருடம்தான் குரு தலையசைத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் புது ஜீப்பே வாங்கிவிட்டார். அடிவாரத்து ஜீப்காரர் வழக்கம்போல வந்து நின்றபோது, இந்தத் தடவை அம்மாவை நானே கூட்டிப் போகிறேன் என்று திருப்பி அனுப்பினார். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் தார்ச்சாலை. மலையேறத் தெரிந்தது ஜீப்புக்கு மட்டும்தான்.

அந்தப் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குகிற வண்டி பின்னால் போய்ப் பாதை அகன்ற இடத்தில் ஒதுங்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. எங்கும் எழுதி வைக்கவில்லை என்றாலும் எல்லோரும் மதிக்கிற வழக்கம் அது. அவசரம் என்று கை காட்டினால் மட்டும் ஏறுகிறவர் விட்டுக்கொடுப்பார்.

பாதி வழியில் பழைய ஜீப் ஒன்று எதிரில் வந்தது. வைரவநாதனுக்குப் பின்னால் பக்கத்திலேயே அகன்ற இடம் இருந்தது. எதிர் வண்டிக்குப் பின்னால் அப்படி ஓர் இடம் வெகு தூரத்தில், அதுவும் மேட்டில். அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். வைரவநாதன் கண்ணாடியை இறக்கவில்லை. ஹாரன் அடித்தார்.

“ஏறுற வண்டிக்குத்தாம்மா வழி.”

குரு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பழைய ஜீப் பின்வாங்கியது. சக்கரம் சகதியில் சுற்றி நின்று, மறுபடி ஏறி, ஒருவழியாக ஒதுங்கியது. அதைக் கடக்கும்போதுதான் வைரவநாதன் உள்ளே பார்த்தார். பின்னால் ஒரு பெண் படுத்திருந்தாள். பாதத்துக்கு மேலே துண்டு சுற்றியிருந்தது. கால் வீங்கிக் கறுத்திருந்தது. பாம்புக்கடி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓட்டுநர் திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரமில்லை. வழி கிடைத்ததும் வண்டியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

வைரவநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஊற்றுமேடு வரும்வரை அவர் குருவின் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே குருவின் பையை இறக்கி வைத்தார். தன் பையைத் தொடவில்லை.

“அம்மா, வழக்கம் என் பக்கம்தானே இருந்துச்சு. பிறகு ஏன் இப்படி வெக்கமா இருக்கு?”

“வழக்கத்துக்காகவா நின்னீங்க?”



“இல்லம்மா. எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. பள்ளத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன். உங்க முன்னால அதைச் சொல்ல முடியல.”

“முதல் வளைவுலயே எனக்குத் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“ஆசையா வண்டி வாங்கிக் கூட்டிட்டு வந்த மனுஷர் முகம் வாடுமேன்னு இருந்துட்டேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு.”

குரு கண்டிப்பார், அல்லது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார் வைரவநாதன். இரண்டும் இல்லாமல் போனதில் அவர் இன்னும் குன்றிப்போனார்.

“முழு நடையும் செருப்பில்லாம நடக்கிறேம்மா. அப்ப இது போகுமா?”

குரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீப் ஏறி வந்த பாதையிலேயே இறங்கி நடக்கத் தொடங்கினார். வைரவநாதன் பின்னால் ஓடினார். நடைக்குப் பாதை அந்தப் பக்கம் அல்லவா என்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு பாக்கணும்.”

நடையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எத்தனையோ வருடம் காத்திருந்தவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

“அப்ப வண்டியிலயே போயிரலாமேம்மா. சீக்கிரம் போயிரலாம்.”

குரு நின்றார்.

“இப்ப நாம இறங்குறோம். எதிர்ல வண்டி வந்தா?”

வைரவநாதன் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னார்.

“வண்டிய விட்டு இறங்கி அந்த டிரைவர்கிட்டப் போய், எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதுங்க, நீங்களே கொஞ்சம் எடுத்து விடுங்கன்னு கேப்பேன்.”

குரு தோளிலிருந்த பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“அப்படின்னா வண்டியை எடுங்க.”