கரடி கொண்டுபோன பொட்டலம்

ஒரு மலைக்காட்டில் மொச்சையன் என்ற கரடி இருந்தது. நல்ல கரடிதான். தேன் கிடைத்தால் பாதியை வீட்டுக்குக் கொண்டு வரும். குட்டி துளியானை முதுகில் ஏற்றிக்கொண்டு காடெல்லாம் சுற்றிக் காட்டும். குட்டியும் அப்பாவின் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி வரும்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். இலுப்பை மரத்தடியில் ஒரு பாறைக்குழி. உதிர்ந்த பூவெல்லாம் அதில் மழைத் தண்ணீரோடு ஊறிப் புளித்துக் கிடக்கும். மொச்சையன் அதைக் குடித்துவிட்டுத் தள்ளாடும். “நாளைக்கு விட்டுடறேன் நாவலாயி” என்று மனைவியிடம் சொல்லும். மறுநாளும் அதையேதான் சொல்லும்.

ஒரு நாள் அப்படித் தள்ளாடிக்கொண்டே குகைக்கு வந்து சேர்ந்தது.

“புள்ள எங்க?” என்றது நாவலாயி.

“முதுகுல இருக்கான்.”

“முதுகுல யாரையும் காணோமே.”

மொச்சையன் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தது. வெறும் முதுகு! குடித்ததெல்லாம் அந்த நொடியே இறங்கிவிட்டது. எங்கே விழுந்தான், எப்போது விழுந்தான், ஒன்றும் தெரியவில்லை.

இரண்டும் அலறிக்கொண்டு ஓடின. பள்ளத்தின் விளிம்பில் ஒரு முட்செடியில் மாட்டிக்கொண்டு தொங்கினான் துளியான். அந்தச் செடியை ஆண்டவன்தான் அங்கே வைத்திருக்க வேண்டும். நாவலாயி குட்டியைத் தூக்கி எடுத்தது. மொச்சையன் இரண்டு கையையும் நீட்டியது.

துளியான் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டான். “அப்பா வேணாம்” என்றான்.

குட்டி விழுந்ததைவிட அந்தச் சொல்தான் மொச்சையனுக்குப் பெரிய அடி. இரண்டு நாள் குடிக்காமல் இருந்தது. மூன்றாம் நாள் கால் தானாகப் பாறைக்குழிக்குப் போய் நின்றது. குனியப் போன கரடிக்குத் தன் மேலேயே பயம் வந்துவிட்டது. நேரே மரநாயைத் தேடிப் போனது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகக் குடித்தவை.

“நீ மட்டும் எப்படிடா விட்டே?” என்று கேட்டது.

“தனியா விடலை அண்ணே. ஆத்துக்கு அந்தப் பக்கம் அத்திமரத்தடியில சாயங்காலம் கூடி, மனசுல இருக்கறதைப் பேசுவோம். எல்லாரும் நம்ம மாதிரிதான். வந்து உக்காரு.”

“திட்டுவாங்களா?”

“திட்டறதுக்கு அங்க யாருக்கு யோக்கியதை இருக்கு?”

மொச்சையன் கிளம்பியது. முதல் தடவை போகிற இடம். வெறுங்கையோடு போனால் மரியாதையாக இருக்குமா? குகைக்குப் பின்னால் அது ஒளித்து வைத்திருந்த இலுப்பைப் பூ நன்றாகப் புளித்துக் கிடந்தது. ‘நான்தான் விடப் போறேனே. வீணாப் போவானேன்? அவங்களுக்காவது ஆகட்டும்’ என்று நினைத்து, தேக்கிலையில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டது.

அத்திமரத்தடியில் ஒரு குரங்கு, ஒரு காட்டுப்பன்றி, மரநாய். நடுவில் யானையம்மா! மொச்சையன் திகைத்துப் போனது. காட்டு யானைகளெல்லாம் அந்த அம்மாவின் பின்னால்தான் நடக்கும். வழி தவறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகப் பார்த்தது.

“உக்காருப்பா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கே” என்றது யானையம்மா. “நானும் குடிகாரிதான். தொட்டு வருஷக்கணக்காச்சு. இன்னிக்கும் தொடக்கூடாதுன்னுதான் இங்க வந்திருக்கேன். நீ கையில என்ன வச்சிருக்கே?”

“உங்களுக்குத்தாம்மா” என்று மொச்சையன் பெருமையோடு பொட்டலத்தைப் பிரித்தது.

வாசனை குப்பென்று கிளம்பியது. குரங்கு எச்சில் விழுங்கியது. பன்றி தலையைத் தரையில் புதைத்துக்கொண்டது. யானையம்மாவின் தும்பிக்கை மெல்ல மெல்லப் பொட்டலத்தை நோக்கி நீண்டது. மொச்சையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா?

“எடுத்துட்டுப் போயிடுய்யா” என்றது யானையம்மா. “உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

மொச்சையன் பொட்டலத்தை அள்ளிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடியது. பாதி வழியில் மூக்கு குனிந்தது. நாக்கு ஊறியது. ஒரே ஒரு வாய். யாருக்குத் தெரியப் போகிறது? கைகள் பொட்டலத்தை வாயருகே கொண்டு வந்துவிட்டன.

“யாராவது கூட வாங்க!” என்று கத்தியது. “தனியா விட்டா நான் குடிச்சிடுவேன்.”

மரநாய் ஓடி வந்து ஒரு பக்கம் நின்றது. குரங்கும் பன்றியும் மறுபக்கம் வந்தன. தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் கடித்துக்கொண்டு யானையம்மாவும் பின்னால் வந்து நின்றது. மொச்சையன் பொட்டலத்தை ஆற்றில் வீசியது. அது கண்ணுக்கு மறையும்வரை ஒருவரும் அசையவில்லை.

“நான் பேச வேண்டியது எதுவும் பேசலையேம்மா” என்றது மொச்சையன்.

“கூட வாங்கன்னியே, அதுதான் பேச்சு. நாளைக்கும் வா. பொட்டலம் மட்டும் வேணாம்.”

குரங்கு சிரித்துவிட்டது. மொச்சையனும் சிரித்தது.

மறுநாளும் போனது. அதற்கடுத்த நாளும் போனது. பூக்காலம் முடிந்து, மழைக்காலம் வந்து போயிற்று. நாவலாயி தினமும் அதன் வாயை முகர்ந்து பார்க்கும். புளித்த வாடை இருக்காது.

ஒரு காலையில் துளியான் தானாகவே அப்பாவிடம் வந்தான்.

“அப்பா, ஏறினா விழ மாட்டேனே?”

மொச்சையன் அப்படியே தரையில் உட்கார்ந்தது. “இன்னிக்கு விழ மாட்டே” என்றது. “முதல்ல நான் உக்காந்தே இருக்கேன். நீ ஏறிப் பாரு.”

குட்டி ஏறியது. நாவலாயி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டது.

தன்னால் மட்டும் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லித் துணை தேடுகிறவனே குடியிலிருந்து மீளுவான்.