கோமாளியின் கனம்

டொக்… டொக்… டொக்.

பலகைமேல் பாவைகளின் மரக்கால்கள் மிதிக்கும் ஓசை. சின்ன வயதில் கோயில் திடலில், அண்ணனின் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிவக்கொழுந்து கேட்ட ஓசை அது. பொம்மலாட்டம் முடியும்வரை அண்ணன் அவனை இறக்கிவிடவில்லை.

அந்த ஓசையைத் தேடித்தான், ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பாவைக் காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தார். அதை நடத்திய வஞ்சுளவல்லி அவரைவிட வெகுவாக இளையவள். ஆனாலும் குரு குருதான்.

"அம்மா, வந்த நாளா கண்ணாடிதான் துடைக்கிறேன். பாவையை எப்போ கையில தருவீங்க?"

"கண்ணாடி பளிச்சுனு இருக்கு. அதையே செய்யுங்க."

அன்று காலை அண்ணி ஆள் அனுப்பியிருந்தாள். அண்ணன் படுத்த படுக்கை. தம்பி தம்பி என்கிறாராம்.

"போகலையா?" என்றாள் வஞ்சுளவல்லி.

"எப்படிப் போறது? அவர் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில என் பேரே இல்லை. கூடப் பிறந்தவன் பேரு! கேட்டா, எழுதும்போது விட்டுப்போச்சுங்கிறார்."

"விட்டுப்போயிருக்கலாம்."

"சொந்தத் தம்பி பேரா விட்டுப்போகும்? அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். நான் எதுக்கு முதல்ல தலை குனியணும்?"

அவள் கண்ணாடிப் பேழையைத் திறந்து கோமாளிப் பாவையை எடுத்துவந்து பலகையில் நிறுத்தினாள். அதன் கயிறுகளெல்லாம் துணி சுற்றிய ஓர் இரும்பு வளையத்தில் போய் முடிந்தன. வளையத்தை மேலே கொக்கியில் மாட்டினாள்.

"இந்தாங்க. சபைக்கு வணக்கம் சொல்லவையுங்க."

சிவக்கொழுந்துக்குத் தலைகால் புரியவில்லை. பாவையின் கைக்கம்பிகளைப் பிடித்து அசைத்தார். கோமாளியின் கைகள் கூப்பின. தலை மட்டும் விறைத்து நின்றது.

பார்க்க வந்திருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். "கோமாளிக்குக் கழுத்துச் சுளுக்கு போல!"

"கயிறு சிக்கியிருக்கு, அம்மா," என்றார் சிவக்கொழுந்து.

"சிக்கலை. வளையத்தை உங்க தலையில மாட்டுங்க," என்றாள் வஞ்சுளவல்லி.

மாட்டினார். முழுப் பாரமும் உச்சியில் இறங்கியது. கழுத்து நரம்புகள் புடைத்தன.

"யப்பா, என்ன கனம்! இதைச் சுமந்துக்கிட்டா விடிய விடிய ஆடுவாங்க?"

"அப்படியொண்ணும் கனமில்லையே. ஒரு சின்னப் பிள்ளை கனம்."

சிவக்கொழுந்தின் கை உச்சிக்குப் போய் வளையத்தைத் தொட்டது.

அப்படியே நின்றார். சிரித்த அம்மாள் அடுத்த பேழைக்குப் போய்விட்டாள்.

பிறகு அவர் தலை மெல்லக் குனிந்தது. கீழே கோமாளியும் குனிந்தான். மரக்கால் ஒன்று பலகையில் பட்டது.

டொக்.

"வலிக்குதா?" என்றாள் வஞ்சுளவல்லி.

"அண்ணன் ஒரு தடவைகூட வலிக்குதுன்னு சொல்லலையே, அம்மா."

அவள் வளையத்தை அவர் தலையிலிருந்து எடுத்தாள். "கண்ணாடியை நான் துடைச்சுக்கிறேன். பஸ் வர்ற நேரம்."

அண்ணன் மாசியில் இறந்தார். அதுவரை அவரைத் தூக்கி உட்காரவைத்தது சிவக்கொழுந்து. கருமாதிப் பத்திரிகையை எழுதி அச்சுக்குக் கொடுத்ததும் அவரே.

அதில் சிவக்கொழுந்து என்ற பெயர் விட்டுப்போயிருந்தது.