பதினான்கு வயதுப் பெட்டி

தோவாளைப் பக்கம் ஒரு பூச்சந்தைச் சங்கம். அன்றாடப் பூ விலையை இணையத்தில் காட்ட அங்கே ஒரு சர்வர் பெட்டி இருந்தது. அதற்கு வயது பதினான்கு. அதைப் பார்த்துக்கொள்பவள் இசக்கியம்மாள்.

ஒரு மாதமாக விலைப் பக்கம் திறக்கவே நெடுநேரம் ஆனது. விவசாயிகள் சத்தம் போட்டார்கள். சங்கத் தலைவர் ஆவுடையப்பன் கூட்டம் போட்டார்.

“இந்தக் கிழட்டுப் பெட்டியை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குவோம். அப்புறம் இசக்கியும் தேவையில்லை.”

“ஒரு வாய்ப்பு கொடுங்க, தலைவரே” என்றாள் இசக்கி.

“சரி. பெட்டியைத் தொடக் கூடாது. பைசா செலவழிக்கக் கூடாது. நான் இந்தக் காப்பியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கம் பறக்கணும். முடியுமா?”

கூட்டம் சிரித்தது.

“விலைப் பக்கத்துல இருந்து ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கட்டுமா?”

“எதை வேணும்னாலும் எடுத்துக்கோ.”

இசக்கி தன் மேசையில் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். “இப்போ எல்லாரும் திறங்க.”

இருநூறு பேர் ஒரே நேரத்தில் கைபேசியைத் தொட்டார்கள். விரலை எடுக்கும் முன்பே மல்லி, பிச்சி, கேந்தி விலைகள் வந்து நின்றன. மண்டப மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டியை ஒரு பெரியவர் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

தலைவரின் டம்ளரில் பாதிக் காப்பி இருந்தது. “எதை எடுத்தே?”

“நீங்க மாலையோட நடந்து வர்ற வீடியோவை, தலைவரே. போன மாசம் போடச் சொன்னீங்களே. மல்லி விலை கேட்டவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பெட்டி முதல்ல உங்களைத்தான் தூக்கிக்கிட்டு ஓடிச்சு.”

“அப்போ என் வீடியோ?”

“அதுக்குப் புதுப் பெட்டிதான் வேணும். வாங்கலாமான்னு கூட்டத்தையே கேளுங்க.”

கூட்டத்தைக் கேட்காமலே தலைவர் காப்பியைக் குடித்து முடித்தார். இசக்கி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். பெட்டிக்கு இப்போது பதினாறு வயது.