மேல் அறையிலேயே கிடக்கட்டும்

ஒரு காட்டில், ஓடைக்கரையில் கிடந்த தட்டைப் பாறைக்கு அடியில் கட்டெறும்புகள் குடியிருந்தன. பாறையை ஒட்டினாற்போல் மேல் அறை, ஆழத்தில் கீழ் அறை.

காலையில் பாறை இளஞ்சூடாக இருக்கும்போது, அரிசி போல வெள்ளையாக இருக்கும் கூட்டுப்புழுக்களை மேலே கொண்டுபோவார்கள். பாறை கொதிக்கத் தொடங்கியதும் கீழே இறக்குவார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி மேலே! ஒவ்வொன்றாக வாயில் கவ்வித்தான் தூக்க வேண்டும். இடுப்பு ஒடிந்துவிடும், பிள்ளைகளே!

அந்த ஆண்டு வேலைக்கு ஆள் குறைவு. மழை வந்தால் ஓடை பாறையை மூழ்கடித்துவிடும். அதற்குள் மேட்டுக்குக் குடிபோயாக வேண்டும். கூட்டுப்புழுக்கள் எறும்பாகி வெளியே வந்தால்தான் அது முடியும். மேஸ்திரி எறும்பு வடிவு வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறினாள். பதற்றம் வந்துவிட்டால் அவள் யார் பேச்சையும் கேட்க மாட்டாள்.

“செல்லி, சூடு பட்டால் இதுகள் சீக்கிரம் வளரும்தானே?” என்று தாதி எறும்பைக் கேட்டாள்.

“ஆமாம் அக்கா. குளிரில் இருபது நாள் ஆவது, இளஞ்சூட்டில் பத்தே நாளில் எறும்பாகிவிடும்.”

“அப்படியானால் இறக்கவே வேண்டாம். நாள் முழுக்க மேல் அறையிலேயே கிடக்கட்டும். ஐந்து நாளில் வந்துவிடும்!”

“ஐயையோ! நான் சொன்னது இளஞ்சூட்டை அக்கா. உச்சிவெயிலை இல்லை.”

“தூக்கிச் சுமக்காவிட்டால் உனக்குப் பொழுது போகாதோ? போ, போய் மேட்டில் மண் தோண்டு!”

செல்லி தோண்டினாள். கைதான் மண்ணில், மனசெல்லாம் மேல் அறையில். நிழல் சுருங்கச் சுருங்க அவள் பாறையையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திட்டினால் திட்டட்டும் என்று மண்ணைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மேல் அறைக் கூரையில் மீசை பட்டதும் சுரீர் என்றது. ஒன்றைக் கவ்விக் கீழே ஓடினாள். வந்தாள், இன்னொன்று. சத்தம் கேட்டு வந்த வடிவும் கூரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மாடி! இவ்வளவு சூடா? தூக்குடி செல்லி, தூக்கு!”

இருவரும் மூச்சு வாங்க ஓடி ஓடி இறக்கினார்கள். பதினொன்று தேறியது. மீதி இருநூறும் காய்ந்து சுருண்டுவிட்டன.

“எல்லாம் என்னால்தான்” என்று வடிவு அழுதாள். செல்லிக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆறாம் நாளே மழை கொட்டியது. ஓடை ஏறியது. மேட்டுக்குச் சுமந்துபோகப் புதிய எறும்பு ஒன்றுகூட இல்லை. சுமப்பதற்கும் பதினொரு கூட்டுப்புழுக்கள்தான் இருந்தன.

நீதி: நமக்கு அவசரம் என்பதற்காக, வளரும் உயிருக்கு வேண்டிய பக்குவத்தை மாற்றக் கூடாது.