தாய்மாமன் சட்டை

அந்தக் காலத்தில் பாம்புகளும் வாய் ஓயாமல் பேசும். அதிலும் தண்ணீர்ப் பாம்பு இருக்கிறதே, அதற்கு விஷமும் கிடையாது, வஞ்சமும் கிடையாது. பேச்சு மட்டும்தான். அதன் குட்டிகள் எல்லாம் அப்போது ஒரே சேற்று நிறம். ஏரியில் கிடந்தால் சேறு எது, குட்டி எது என்று பருந்துக்குத் தெரியாது. அதனால்தான் பிழைத்துக் கிடந்தன.

ஒரு கோடையில் ஏரி வற்றிவிட்டது. சேறு காய்ந்து வெளுத்துப்போனதில், ஒளிய இடம் இல்லாமல் குட்டிகள் தவித்தன. தாய்ப் பாம்பு தன் ஆறு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, கரையில் குடியிருந்த சடைச்சியின் வாசலுக்கு வந்தது. ஆறில் ஐந்து அண்ணன்கள், கடைசியாக ஒரு தங்கச்சி.

"அக்கா, நான் தண்ணி தேடிப் போறேன். மழை பெஞ்சதும் வந்துடுவேன். அதுவரைக்கும் இதுங்களப் பாத்துக்கிறியா?" என்றது.

சடைச்சி இளகிய மனசுக்காரி. யோசிக்கக்கூட இல்லை. "போயிட்டு வா தங்கச்சி. ஆறையும் குறையாம உன் கையில குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். பாம்புக்கு ஏது கை என்று இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

ஒரு மண்தாழியில் ஈர மணலைப் பரப்பிக் குட்டிகளை விட்டாள். அவள் புருஷன் மாடப்பன், ஏரி நடுவில் மிஞ்சியிருந்த குட்டையில் அரித்துக்கொண்டு வரும் அயிரை மீனில் தினமும் ஆளுக்கு ஒன்று. ஆனால் எந்தக் குட்டி எது என்று யார் கண்டது? "கடைக்குட்டி எங்கடி?" என்று கேட்டால், அத்தனை தலையும் நிமிர்ந்து, "நான்தான், நான்தான்!" என்றன. மீனைக் கண்டுவிட்டால் எல்லாரும் கடைக்குட்டிதான்.

ஒரு நாள் காலையில் ஒரு குட்டி மட்டும் தலையைத் தூக்கவில்லை. சடைச்சி கையில் எடுத்துப் பார்த்தாள். வாழைநார் மாதிரி துவண்டு கிடந்தது.

"நான்தான் கடைக்குட்டி, பெரியம்மா. பெரியண்ணன் என் பேரச் சொல்லி என் மீனையும் தின்னுடறான்" என்று முனகியது.

சடைச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆறு மீனும் தீந்துதான்னு பாத்தேனே, யாரு வயித்துக்குப் போச்சுன்னு பாக்கலயே! உங்கம்மா வந்து கேட்டா என்னடி சொல்லுவேன்?" என்று அழுதாள். அழுதபடியே அடுக்களைக்கு ஓடி, அம்மியில் இருந்த மஞ்சளை வழித்து, கடைக்குட்டியின் தலையிலிருந்து வால் வரை பூசினாள். அது வாலால் காட்டிக்கொடுத்த பெரியண்ணனுக்கு அடுப்புக்கரி. மற்றவர்களுக்குச் செம்மண், அவரை இலைச் சாறு, சாம்பல், நாவல்பழம் என்று கைக்குக் கிடைத்ததைப் பூசினாள்.

மாடப்பன் உள்ளே வந்து பார்த்தான். "என்னடி, பாம்புக்கு நலங்கு வெக்கிற? மாப்பிள்ளை யாரு?"

"மொதல்ல புள்ள வயிறாரத் திங்கட்டும். மாப்பிள்ளைய அப்புறம் பாக்கலாம்."

அதன்பிறகு ஏமாற்று வேலை நடக்கவில்லை. கரிச் சட்டைக்காரன் இரண்டாம் தடவை வாயைத் திறந்தால் மூக்கில் ஒரு சுண்டு விழும். கடைக்குட்டியைச் சடைச்சி தினமும் மடியில் போட்டு மஞ்சள் தேய்த்து ஊட்டினாள். தேய்க்கத் தேய்க்க, மஞ்சள் தோலைத் தாண்டி உள்ளே ஊறிவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவளாவது, நிறுத்துவதாவது!

மழை வந்தது. ஏரி நிறைந்தது. தாய்ப் பாம்பும் வந்து தாழியை எட்டிப் பார்த்து அலறியது. "ஐயோ அக்கா, இதெல்லாம் யாரு பெத்த புள்ளைங்க?"

நாக்கை நீட்டி ஒவ்வொன்றாக முகர்ந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. ஆறும் இருந்தன. ஆனாலும் கவலை விடவில்லை. "இந்தக் கோலத்துல ஏரிக்குப் போனா பருந்து சும்மா விடுமா?"

"சட்டையக் கழட்டிப் போட்டாப் போச்சு" என்றான் பெரியண்ணன். அண்ணன்கள் ஐந்து பேரும் சட்டையை உரித்தார்கள். உள்ளே பழையபடி சேற்று நிறம். கடைக்குட்டியும் உரித்தது. உள்ளே மஞ்சள். மறுபடியும் உரித்தது. மறுபடியும் மஞ்சள்.

பிறந்ததிலிருந்து தாய்ப் பாம்பு வாயடைத்துப்போனது அன்றைக்குத்தான். கடைக்குட்டியைச் சடைச்சி பக்கம் வாலால் தள்ளிவிட்டுச் சொன்னது: "ஆறையும் குறையாமக் குடுப்பேன்னு சொன்ன. குடுத்துட்ட அக்கா. இந்த ஒண்ண நான் உனக்குக் குடுக்கிறேன்."

சடைச்சி கடைக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

புறப்படும்போது பெரியண்ணன் தாழிக்குத் திரும்பி வந்தான். "உன் மீனத் தின்னேன்ல. என் சட்டைய வெச்சுக்க தங்கச்சி. குளிருக்கு ஆகும்" என்றான். மற்ற அண்ணன்களும் தங்கள் சட்டைகளைத் தாழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

கடைக்குட்டி வளர்ந்தது. ஏரியிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் வந்து போனான். அண்ணன்கள் விட்டுப்போன பழைய சட்டைகளை மெத்தையாக்கி அதன்மேல் முட்டையிட்டது. முட்டை பொரிந்தபோது கருப்பு, சிவப்பு, பச்சை, சாம்பல், நாவல் நிறம், நடுவில் அம்மாவைப் போல ஒரு மஞ்சள்! சடைச்சி கையைக் கொட்டிச் சிரித்தாள். "பாத்தியாடி, தாய்மாமனுங்க சீர் கொண்டாந்திருக்கானுங்க!"

அன்று முதல்தான் ஏரியில் பிறக்கும் தண்ணீர்ப் பாம்புக் குட்டிகள் ஒரே சேற்று நிறமாக இருக்க, வீட்டில் வளரும் குட்டிகள் மட்டும் தாய்மாமன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நிறமாகப் பிறக்கின்றன. ஆனால் மீனைக் காட்டினால் போதும், நான்தான் கடைக்குட்டி என்று அத்தனையும் இன்றைக்கும் தலையைத் தூக்குகின்றன.