தாமரை இலையில் ஒரு கொசு ஓடம்

கொண்டைக்குருவி ஒன்று காட்டுக் குளத்தின் கரையில், காரைப் புதருக்குள் கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. உடம்பெல்லாம் வெறும் தோல்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. யானைகள் நடந்த வழியெங்கும் காலடிக் குழிகளில் நீர் தேங்கியது. குழிகளில் கொசு பெருகியது. பொழுது சாய்ந்தால் போதும், கூட்டமாக வந்து குஞ்சுகளின் மேல் உட்கார்ந்தன. ஒரு குஞ்சுக்குக் காய்ச்சல் கண்டது. இரை வாங்காமல் வாடியது. ஒரு காலையில் அது வாயைத் திறக்கவே இல்லை.

மீதி இரண்டையும் தாய்க்குருவி இறக்கைக்குள் இழுத்து அணைத்தது. எப்படி அணைத்தாலும் ஒரு காலோ ஒரு தலையோ வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

"வேற புதருக்குப் போயிடலாமா?" என்றது ஆண் குருவி.

"எதுல வச்சுத் தூக்கிட்டுப் போறது? நமக்கென்ன கையா இருக்கு?"

"அப்போ என்னதான் செய்யறது?"

"இறகு முளைக்கிறவரைக்கும் இதுங்களைக் காப்பாத்தணும். அதுக்கு வழி நான் பார்க்கிறேன். நீங்க கூட்டுல உட்காருங்க!"

குருவி நேராகத் தவளையிடம் போனது.

"தவளை மாமா, இந்தக் கொசுக்களை ஒழிச்சுக் குடுங்க!"

"என்கிட்ட வந்துட்டேல்ல? இனிமே கவலையை விடு! என் நாக்கு நீளுறதைப் பார்த்திருக்கியா நீ?"

அன்று மாலை தவளை நாக்கை வீசி வீசிக் கொசு பிடித்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பியது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது.

"மாமா, இன்னும் அவ்வளவும் அப்படியே பறக்குதே!"

"பறக்கட்டுமே! எல்லாத்தையும் இன்னைக்கே தின்னுட்டா நாளைக்கு நான் எங்க போறது?" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது தவளை.

குருவிக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே யோசித்தது. பறக்கிற கொசுவை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தீராது. இவை எங்கே பிறக்கின்றன? அங்கே போய்ப் பார்த்தால் என்ன?

மறுநாள் அந்தியில் குருவி யானைத் தடத்துக்கு மேலே ஒரு கிளையில் அசையாமல் உட்கார்ந்தது. கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். இரண்டிலும் ஒரே நீர், ஒரே நிழல். ஆனால் வந்த கொசுக்கள் எல்லாம் ஒரு குழியையே மொய்த்தன. மற்றதை ஒரு கொசுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடியே, இங்க வாங்க! இங்கதான் மணக்குது!" என்று கத்தியது ஊசிமூக்கி என்ற பெரிய கொசு.

குருவி கழுத்தை நீட்டிப் பார்த்தது. அந்தக் குழியின் நீரில் கறுப்பாக, அரிசி அளவில், ஓர் ஓடம் மிதந்தது. நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒட்டிச் சேர்ந்த ஓடம். அதிலிருந்து மெல்ல ஒரு மணம் எழுந்தது. கொசுக்கள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே வந்தன. வந்து, அதன் பக்கத்திலேயே தங்கள் ஓடங்களையும் இட்டுவிட்டுப் போயின.

'இதுதானா!' என்று நினைத்தது குருவி.

விடிந்ததும், குழிந்த காய்ந்த இலை ஒன்றை அலகில் கவ்வி வந்தது. ஓடங்களை நீரோடு அள்ளி அள்ளிப் பக்கத்துக் குழியில் விட்டது. பொழுது சாயும்வரை காத்திருந்தது. வந்த கூட்டம் பழைய குழியைத் தாண்டி, ஓடம் இருந்த குழிக்கே போனது!

குருவி குளத்துக்குப் பறந்தது. அங்கே முண்டக்கண்ணி மீன் தன் குடும்பத்தோடு நீரின் மேல்மட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, கொசுப்புழு தின்பீங்களா?"

"தின்பீங்களாவா? அதுக்காகத்தானே இவ்வளவு பெரிய கண்ணைத் திறந்து வச்சிருக்கேன்! ஆனா இங்க எவளும் முட்டையிட மாட்டேங்கறாளே. மீன் வாசம் அடிக்குதாம்!"

"நான் அவங்களை இங்க வரவைக்கிறேன். நீங்க முட்டை ஓடத்தை மட்டும் தொடக் கூடாது. பொரிஞ்சு வர்ற புழு எல்லாம் உங்களுக்கு."

"வாக்குக் குடுத்தாச்சு, போ!" என்றது முண்டக்கண்ணி.

குருவி ஓர் ஓடத்தைக் கொண்டுவந்து குளத்தில் மிதக்கவிட்டது. முண்டக்கண்ணி அதைச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்று வந்தது. மூன்றாம் சுற்றில் ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

மாலையில் கொசுக்கள் குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை சின்னக் குஞ்சின் உடம்பு கொதித்தது. இரையைக் கொடுத்தால் பாதியைக் கக்கியது.

"அக்கா! நீங்க வாக்குக் குடுத்தீங்களே!" என்று குருவி அலறியது.

"நான் வேணாம்னுதான் இருந்தேன் தங்கச்சி. வாய்தான் கேட்கலை," என்று முண்டக்கண்ணி வாலை ஆட்டாமல் நின்றது. "என் மூக்குக்கு முன்னாடி வைக்காதே. எட்டாத இடத்துல வை. அப்புறம் பாரு!"

எட்டாத இடம் எது? குருவி குளத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. நடுவில் தாமரை இலைகள் விரிந்து கிடந்தன. ஒரு பெரிய இலையின் குழிவில் மழைநீர் தேங்கி நின்றது. மீனுக்கு எட்டாது. மணமோ எங்கும் போகும். குருவி ஓடங்களை அங்கே கொண்டுபோய் விட்டது. யானைத் தடத்தில் இருந்த மற்ற ஓடங்களையும் அள்ளிக் குளத்தில் கொட்டியது. அவற்றை மீன்கள் மனசாரத் தின்றன.

அந்தியில் காற்று குளத்தின் மேல் அடித்தது. ஊசிமூக்கி தன் பட்டாளத்தோடு வந்து இறங்கியது.

"ஆஹா, என்ன மணம்! நமக்கு முன்னாடியே வந்துட்டாளுங்க. இலையில இடம் போதாது. எல்லாரும் பக்கத்து நீர்ல இடுங்கடி!"

சின்னக் கொசு ஒன்று மட்டும் தயங்கியது. "அக்கா, மீன் வாசமும் சேர்ந்து அடிக்குதே. நீருக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு இடலாமே?"

"பார்க்கணுமாம்ல! காலகாலமா மணம் இருக்கிற இடத்துலதான்டி இடுறோம். முன்னாடி இட்டவங்க எல்லாம் முட்டாளா? நீ ஒருத்திதான் அறிவாளியா?"

எல்லாக் கொசுக்களும் சிரித்தன. சின்னக் கொசு நீரின் மேல் தாழ்ந்து பறந்து பார்த்தது. பெரிய கண்கள் இரண்டு கீழிருந்து அதையே பார்த்தன. அது சத்தம் காட்டாமல் காட்டுக்குள் பறந்து போய்விட்டது.

மற்றவை இட்டன. சில ஓடங்களை மீன்கள் அப்படியே விழுங்கின, மீதி முட்டைகள் பொரிந்தன. புழு தலையைத் தூக்குவதற்குள் முண்டக்கண்ணியின் வாய் திறந்தது. இலையில் இருந்த ஓடம் பொரிந்ததும், குருவி இலையின் விளிம்பில் போய் நின்றது. இலை சாய்ந்து, நீரும் புழுவும் குளத்தில் சரிந்தன. உடனே குருவி அடுத்த ஓடத்தை நீரோடு அள்ளி அங்கே வைத்தது. மாலைதோறும் கொசுக்கள் மணத்தை நம்பி வந்தன. மாலைதோறும் குறைந்துகொண்டே வந்தன. ஊசிமூக்கிக்குக் கடைசிவரை காரணம் புரியவே இல்லை.

"இத்தனை இட்டோமே, ஒண்ணுகூட ஏன் பறந்து வரலை?" என்று கேட்டுக்கொண்டே அது கிழடாகிச் செத்தது.

புதருக்குள் சின்னக் குஞ்சின் சூடு தணிந்தது. அது வாயைத் திறந்து, அண்ணனுக்கு வந்த பழத்தையும் பிடுங்கித் தின்றது. "அடேய், மெதுவா!" என்று தாய்க்குருவி அதட்டியது. இரண்டு குஞ்சுகளுக்கும் இறகு முளைத்தது. ஒரு வெயில் நாளில் முதலில் பெரியது, பின்னாலேயே சின்னது, புதரை விட்டுப் பறந்து எதிர்க்கரை மரத்தில் போய் உட்கார்ந்தன.

காட்டுக்குள் எங்கோ ஒரு மரப்பொந்து நீரில், நன்றாகப் பார்த்துவிட்டு இட்ட அந்தச் சின்னக் கொசுவின் பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன.

எத்தனை பேர் போன இடம் என்று பார்ப்பவளின் பிள்ளைகள் அழியும், அது எப்படிப்பட்ட இடம் என்று பார்ப்பவளின் பிள்ளைகளே பிழைக்கும்.