ஆறிப்போன கஷாயம்

மூங்கில்பாறைக் காட்டில் புலிராஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உறுமினால் பூனை கத்துவதுபோல் இருந்தது. காலையில் சுடச்சுடச் சுக்குக் கஷாயம், வெயில் ஏறினால் ஜில்லென்று சுனைநீர் வேண்டும் என்று உத்தரவானது. பொறுப்பு வெள்ளச்சி என்ற மந்திக்கு.

கஷாயம் குகைக்கு ஆறிப்போய் வந்தது. சுனைநீர் வெதுவெதுப்பாய் வந்தது. மூன்றாம் நாள் புலி கரகரத்தது: "நாளைக்கும் இப்படி வந்தால், கஷாயத்துக்குப் பதில் உன்னை விழுங்குவேன்."

மறுநாள் விடிந்ததும் வெள்ளச்சி அடுப்பில் இரண்டு பங்கு விறகைத் திணித்தாள். கஷாயம் தளதளவென்று கொதித்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுப்படியைத் தாண்டாதவள், அன்று கஷாயச் சட்டியைச் சுமந்துபோன குட்டிக்குரங்கின் பின்னாலேயே நடந்தாள்.

வழியில் கரடி சட்டியை இறக்கி, நஞ்சு இருக்கிறதா என்று நெடுநேரம் முகர்ந்தது. வெள்ளச்சி சட்டியைத் தொட்டுப் பார்த்தாள், கை சுட்டது. அடுத்து மயில் நின்று ராஜதுதி பாடியது. பன்னிரண்டு அடி. பாடி முடிந்தபோது சட்டியைக் கையில் பிடிக்க முடிந்தது. கடைசியில் நரி மந்திரி. அது சட்டியைச் சுற்றி வந்து ருசி பார்ப்பதற்குள் சூடு போயே போய்விட்டது. வெயிலில் இதே வழியாகப் போகும் சுனைநீரின் கதி என்ன என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஐயா, காத்திருந்தால் சூடு நிற்காதே" என்றாள் வெள்ளச்சி.

"அடுப்பு எரிக்கத் தெரியாதவள் வழக்கத்தைக் குறை சொல்கிறாயோ? இது நாலு தலைமுறை வழக்கமடி" என்றது நரி.

வெள்ளச்சி அடுப்படிக்கு ஓடினாள். மீதிக் கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துக்கொண்டு, மூவரையும் தாண்டிக் குகைக்குள் பாய்ந்தாள். துரோகம், நஞ்சு என்று பின்னால் ஒரே கூச்சல். புலி நகத்தை நீட்டியது. அவள் அதன் எதிரிலேயே ஒரு வாய் குடித்தாள். நாக்கு வெந்து கண்ணீர் கொட்டியது, உயிர் போகவில்லை.

புலி மீதியைக் குடித்தது. சற்று நேரத்தில் தொண்டை திறந்த அதன் உறுமல் கேட்டு நரி புதருக்குள் ஒளிந்தது.

மறுநாள் முதல் மூவரும் அடுப்படியிலேயே, கொதிக்கும்போதே ருசி பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. நாக்கு வெந்த மயிலின் துதி ஒரே அடியில் முடிந்தது.

காலம் கடந்து கைக்கு வரும் நன்மை, செய்யாத நன்மைக்குச் சமம்.